ரோஸ்டரில் இரண்டாவது பெயர்

இதைப் படித்துவிட்டு "சும்மா கதை விடாதீங்க" என்று சொல்லப்போகிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இது டாக்டரம்மா தன் வாயால் சொன்னது. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் அவர். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "முதல்ல உங்களுக்கு பிரஷர் பாத்துக்கலாம், வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறவர். அவர் சொன்ன நேரங்களில் நான் ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பொய் சொல்கிறவர்களுக்கு நிமிடக் கணக்கு நினைவில் நிற்பதில்லை.

டாக்டரம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பொது மருத்துவப் பிரிவின் தலைமை டாக்டர். மூன்றாவது மாடியில் நாற்பத்திரண்டு கட்டில் போட்ட நீளமான வார்டு அவருடையது. ஒரு காலத்தில் அங்கே மூத்த டாக்டர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் வேறு ஊருக்குப் போனார். ஒருவர் முதுகுவலி என்று முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். மூன்றாமவர், டக்டக் சார்.

அந்தப் பெயர் நர்ஸுகள் வைத்தது. எந்த நோயாளியைப் பார்க்கப் போனாலும் கட்டிலின் கால்மாட்டு இரும்புக் கம்பியில் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டுவார். டக்... டக். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் போவார். ஏன் சார் என்று கேட்டால், "கதவைத் தட்டாம அடுத்தவங்க வீட்டுக்குள்ள போவோமா? இப்போதைக்கு இந்தக் கட்டில்தானே அவங்க வீடு" என்பார். ஆறடி உயரம். பச்சை மைதான் போடுவார். கையெழுத்துக்குக் கீழே நேரத்தை நான்கு இலக்கத்தில் எழுதுவார். வலது கால் கட்டைவிரலில் வாத வீக்கம். உட்கார்ந்தால் முதல் வேலையாக வலது ஷூவைக் கழற்றிவிடுவார். யார் என்ன சிரமம் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

நான் சொல்லப்போகிற ராத்திரிக்கு ஏழு மாதம் முன்னால் ஒரு நாள். ராத்திரி டியூட்டி டாக்டரம்மாவுடையது. சாயங்காலம் ஐந்தரைக்கு மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. டக்டக் சார் முந்தின ராத்திரியும் கண்விழித்தவர். அன்று பகல் முழுக்கப் புறநோயாளிகளைப் பார்த்தவர். டாக்டரம்மாவுக்குக் கேட்கவே நா எழவில்லை.

"என்ன, பாட்டி ஆகப்போறீங்களாமே? இன்னும் ஏன் நிக்கறீங்க?"

"சார், நேத்தும் நீங்கதானே..."

"நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை 6:40. பேத்தி பிறந்த சேதியோடு டாக்டரம்மா மாடி ஏறி வந்தார். வார்டை ஒட்டிய நடைபாதையின் கடைசியில் டாக்டர்களுக்கான ஓய்வறை. அங்கே நாற்காலியில் சார் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தார். விளையாட்டாக மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

எழுந்திருக்கவில்லை.

இடது காலில் ஷூ. வலது காலில் வெறும் சாக்ஸ். மூடி திறந்த பேனா விரலிடுக்கில். பேன்ட்டில் பச்சையாக ஒரு வட்டம்.

அதன் பிறகு மிஞ்சியது டாக்டரம்மா ஒருவர்தான். குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி.

இருபத்தெட்டாம் தேதி அடுத்த மாதத்து ரோஸ்டர் போட வேண்டும். யார் எந்த ராத்திரி டியூட்டி என்று எழுதி, போன் நம்பரோடு வார்டில் ஒட்டுகிற தாள். ஒவ்வொரு ராத்திரிக்கும் மூத்த டாக்டர்கள் இரண்டு பேர் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாவது ஆளைக் கூப்பிட வேண்டும். இரண்டு பெயர் இல்லாவிட்டால் ராத்திரி அவசர நோயாளிகளைச் சேர்க்கக் கூடாது.

"புது ஆள் வர ஆறு மாசமாவது ஆகும் மேடம்" என்றார் நிர்வாகி. "அது வரைக்கும் ராத்திரி கேஸ் எடுக்கறதை நிறுத்திடலாமா?"

"நிறுத்தினா வர்றவங்க எங்க போவாங்க? அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். பாதி வழியில போயிடுவாங்க."

"அப்போ ரெண்டு பேர் வேணும். விதி என் கையில இல்ல."

டாக்டரம்மா முந்தின மாத ரோஸ்டரை எடுத்து அவர் முன்னால் தள்ளினார். "இதையே ஒட்டிடுங்க. தேதியை மாத்தி, முதல் பேரா என்னை மட்டும் போடுங்க."

"இதுல ரெண்டாவதா சார் பேர் இருக்கே..."

"இருக்கட்டும். யார் கூப்பிடப்போறா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனையும்.

உண்மையில் யாரும் கூப்பிடவில்லை. வார்டில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இரண்டாவது பெயரைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆறு மாதமாகும் என்றது ஏழு ஆயிற்று. வாரத்தில் இரண்டு ராத்திரி பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்து ஒப்பேற்றுவார். மற்ற ஐந்து ராத்திரியும் டாக்டரம்மா. பகலில் மறுபடி அவரே. நடுவில் கூட்டம், அறிக்கை, "ஏன் தாமதம்" என்று ஒரு புகார்க் கடிதம், அதற்கு விளக்கக் கடிதம்.

டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே மனைவி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று பென்சிலால் எழுதி வைப்பார். 3. 2½. 4. 3.

"ஏம்மா, இந்த வாரம் கூட்டிப் பாத்தேன். ஏழு நாளைக்கு இருபத்திரண்டு. இதை ஒரு நோயாளி உன்கிட்ட வந்து சொன்னா என்ன சொல்லுவ?"

"அட்மிட் பண்ணுவேன்."

"ஊருக்குத்தான் உபதேசமா?"

"கட்டில் காலியில்லைங்க" என்று சிரித்தார் டாக்டரம்மா. சிரிக்கும்போதே விரல் மணிக்கட்டுக்குப் போனது. நாடி 118. நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுவிட்டு அடித்தது. புடவைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டார்.

வாத்தியார் அவர் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரவுன் செருப்பு. அறுந்த வாரை அவரே கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். "செருப்பு வாங்கக்கூட நேரமில்லாத டாக்டர் உலகத்துலயே நீ ஒருத்திதான். ராஜினாமா லெட்டர் எழுதி மூணு வாரமாச்சு. பையிலயே முட்டை போட்டு அடைகாக்கறியா?"

"ஒரு ஆள் வரட்டுங்க. வந்த அன்னிக்கே குடுத்துடறேன்."

"நீ விழுந்தா ஆள் வருவாங்க. அதுக்கு முன்னாடி வர மாட்டாங்க."

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது ஒரு வியாழக்கிழமை. தொடர்ந்து மூன்றாவது ராத்திரி.

இரவு 10:50. வார்டுக்குள் நுழைந்தார். ராத்திரி நர்ஸாக ஒரு புதுப் பெண் நின்றாள். வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி ஒன்பது நாள்தான் ஆகிறது. புது சிஸ்டர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். வாய் ஓயாது, கையும் ஓயாது.

"மேடம், கண்ணு ரெண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கு. கொஞ்சம் படுங்க, நான் கூப்பிடறேன்."

"ஒரு சுத்து பாத்துட்டு படுக்கறேன்மா."

11:40. பையை வைக்க ஓய்வறைக்குப் போனார். அந்த நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அன்று அது வாசலைப் பார்த்திருந்தது. கூட்டுகிற அம்மா நகர்த்தியிருப்பார் என்று பையை அதன் மேல் வைத்தார். கை பட்டது.

ரெக்சின் சூடாக இருந்தது.

இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

'தூக்கம் இல்லாத உடம்பு. தொட்டதெல்லாம் சுடும்' என்று தனக்குத்தானே மருத்துவம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

1:15. இருபத்திரண்டாம் கட்டில் பெரியவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். காதில் மூச்சுச் சத்தம் மட்டும். வார்டின் மறுகோடி இருட்டாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததும் அங்கிருந்து வந்தது...

டக்... டக்.

"யாரும்மா அங்க?"

"யாரும் இல்லையே மேடம். நான் இங்க இருக்கேன்" என்றாள் புது சிஸ்டர், பின்னாலிருந்து.

டிரிப் ஸ்டாண்டு எதிலாவது இடித்திருக்கும். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

2:35. ஒன்பதாம் கட்டில். தையல்காரம்மா என்று வார்டில் கூப்பிடுகிற நோயாளி. சர்க்கரை திடீரென்று ஏறியிருந்தது. டாக்டரம்மா கேஸ் ஷீட்டை வாங்கி, மூன்று மணிக்குப் போட வேண்டிய இன்சுலின் அளவை எழுதினார். கையெழுத்துப் போட்டார். எழுதும்போது எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி நெளிந்தது. ஒரு முறை திரும்பப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. முப்பத்தொரு வருடமாக அப்படித்தான் செய்கிறார்.

அன்று படிக்கவில்லை.

2:50. ஓய்வறை. கட்டிலில் உட்கார்ந்தார். ஐந்தே நிமிடம். போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சாய்ந்தார்.

கண் விழித்தபோது போனில் மணி 4:26.

தூக்கிவாரிப் போட்டது. மேலே போர்வை கழுத்து வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அவர் போர்த்திக்கொள்ளவில்லை. படுக்கும்போது போர்வை அலமாரிக்குள் இருந்தது.

போன் திரையில் நான்கு தவறிய அழைப்புகள். வார்டிலிருந்து.

3:02. 3:05. 3:08. 3:11.

அதன் பிறகு ஒன்றும் இல்லை.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு ராத்திரி அழைப்பைத் தவறவிட்டதில்லை அவர். நான்கு தடவை கூப்பிட்டு நிறுத்திவிட்டாள் என்றால்... ஏன் நிறுத்தினாள்? இனிக் கூப்பிட்டுப் பயனில்லை என்றா?

செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை. நடைபாதையில் வெறுங்காலோடு ஓடினார்.

வார்டு அமைதியாக இருந்தது. புது சிஸ்டர் மேசை விளக்கின் கீழ் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் சரியாயிடுச்சு. நீங்க ஏன் எழுந்தீங்க?"

"நாலு தடவை கூப்பிட்டிருக்க!"

"ஆமா மேடம். ஒன்பதுக்கு நாப்பது யூனிட்னு எழுதியிருந்தீங்க. எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. அவங்களுக்கு நாலுதானே போடுவோம். போடலாமா வேணாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

நாற்பது.

டாக்டரம்மா மேசையை ஒட்டியிருந்த ஒன்பதாம் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாற்பது யூனிட் போட்டிருந்தால் அந்த அம்மா விடிவதற்குள் கண்ணைத் திறக்காமலே போயிருப்பார்.

"போட்டியா?"

"ஐயோ, இல்ல மேடம். நீங்க எடுக்கல. வார்டைத் தனியா விட்டுட்டு வந்து எழுப்பவும் முடியல. அதான் ரோஸ்டர்ல ரெண்டாவது நம்பரைக் கூப்பிட்டேன்."

"...எந்த நம்பரை?"

"ரெண்டாவது நம்பர். சார் ஒரே ரிங்கில எடுத்துட்டார். அஞ்சு நிமிஷத்துல வந்துட்டார். நல்ல மனுஷன் மேடம். நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல அவரை."

டாக்டரம்மா ரோஸ்டர் ஒட்டியிருந்த சுவரைப் பார்த்தார்.

"எப்படி இருந்தார்?"

"நல்ல உயரம். ரொம்பக் களைச்சுப் போயிருந்தார் பாவம். அவசரத்துல ஓடி வந்திருப்பார் போல. ஒரு கால்ல ஷூ... ஒரு கால்ல வெறும் சாக்ஸ்."

விளக்கு மெல்ல ரீங்கரித்தது.

"உங்களை எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம், தூங்கட்டும்னார். ஷீட்டைத் திருத்திக் குடுத்தார். இதோ பாருங்க."

கேஸ் ஷீட். டாக்டரம்மாவின் கையெழுத்தில் 40. நீல மை. அந்தப் பூஜ்யத்தின் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 4.

பச்சை மை.

கீழே நான்கு இலக்கத்தில் நேரம்.

0317.

கட்டைவிரலால் தொட்டார். மை இழுபட்டது.

இன்னும் காயவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும்... காயவில்லை.

"அவர்... எங்க இப்ப?"

"இங்கதான் மேடம். வந்தது வந்தேன், எல்லாரையும் ஒரு சுத்து பாத்துடறேன்னு கடைசி வரைக்கும் போனார்."

4:31.

வார்டின் மறுகோடி. நாற்பத்திரண்டாம் கட்டில்.

டக்... டக்.

யாரோ புரண்டு படுக்கிற சத்தம்.

நாற்பத்தொன்று.

டக்... டக்.

நாற்பது.

டாக்டரம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் ஒன்பதாம் கட்டிலின் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் கட்டில் கட்டிலாக நெருங்கி வந்தது. அவசரமில்லாமல். ஒன்றைக்கூட விடாமல். நடுவே காலடிச் சத்தம். ஒன்று ஷூவின் அழுத்தமான அடி. அடுத்தது சத்தமே இல்லாத அடி.

ஒரு அடி கேட்கும். ஒரு அடி கேட்காது.

இருபது.

பதினைந்து.

பதினொன்று.

டக்... டக்.

பத்து.

பிறகு அவர் கை பிடித்திருந்த கம்பியே அதிர்ந்தது.

டக்.

...

டக்.

புது சிஸ்டர் தலையை நிமிர்த்தினாள். டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"இதோ, சாரே வந்துட்டார் மேடம்."

டாக்டரம்மா திரும்பவில்லை.

பிடரியில் குளிர்ந்த காற்று. பச்சை மையின் வாடை.

மிக மெதுவாக, மிகக் களைத்த குரல்...

"நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

"எத்தனையோ பிணத்தைப் புரட்டிப் பாத்த கை இது" என்றார் டாக்டரம்மா என்னிடம். "அன்னிக்கு என் கழுத்தைத் திருப்ப எனக்குப் பலமில்ல."

விடிந்தது. காலை 7:10. ரோஸ்டரில் இருந்த இரண்டாவது நம்பரை டாக்டரம்மா தன் போனிலிருந்து அழைத்தார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். மூன்று தடவை அழைத்தார். மூன்று தடவையும் அதே குரல்.

பிறகு டக்டக் சாரின் மனைவியை அழைத்தார்.

"அந்த நம்பரா? அவர் தவறின மாசமே திருப்பிக் குடுத்துட்டேனே. ஏன் டாக்டர் கேக்கறீங்க?"

"சும்மாதான். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். ராத்திரிதான் சரியா தூக்கம் வரல. கனவுல வர்றார். வந்து கட்டிலுக்கு அடியில எதையோ தேடறார். என்னங்க வேணும்னு கேட்டா, 'ஷூவைப் பாத்தியா? டியூட்டி இன்னும் முடியல'ங்கறார். தினமும் இதே. அவர் போய் ஏழு மாசம் ஆச்சு டாக்டர்... இன்னும் என்ன டியூட்டி அவருக்கு?"

அந்த டியூட்டியைப் போட்டது யார் என்று டாக்டரம்மாவுக்குத்தானே தெரியும்.

காலை 9:00. நிர்வாகியின் அறைக்குள் ரோஸ்டரைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனார். அவர் கண் முன்னாலேயே இரண்டாவது பெயரைக் கோடு போட்டு அடித்தார். முப்பது நாளுக்கும், முப்பது கோடு. பிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்தார். மூன்று வாரம் மடிந்து கிடந்ததில் மடிப்பெல்லாம் துணி மாதிரி நைந்திருந்தது.

"என்ன மேடம் இது, திடீர்னு?"

"நேத்து ராத்திரி நான் ஒரு உயிரை எடுத்திருப்பேன். இன்னொருத்தர் வந்து காப்பாத்தினார். எப்பவும் வந்துகிட்டே இருக்க முடியாது அவரால. அவரை விடுங்க. என்னையும் விடுங்க."

நிர்வாகிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததைக் கேட்டார். "அப்போ ரோஸ்டர்ல யாரைப் போடறது?"

"ஆளைப் போடுங்க சார். பேரைப் போடாதீங்க."

பாக்கியிருந்த விடுப்பை எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே வீட்டுக்கு வந்தார். வழியனுப்பு விழா வேண்டாம் என்றுவிட்டார். புது சிஸ்டரிடம் மட்டும், சார் யார் என்பதையும் தான் வேலையை விட்டதையும் சொல்லவில்லை. தினமும் அந்த வார்டில் தனியாக ராத்திரியைக் கழிக்க வேண்டிய பெண். அவளிடம் எதைச் சொல்வது?

கட்டைவிரலில் ஒட்டிய பச்சை மை நான்கு நாள் போகவில்லை. அதன் பிறகு தானாகப் போய்விட்டது. சாரின் மனைவி ஒரு நாள் அழைத்து, இப்போதெல்லாம் கனவு வருவதில்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றார். டாக்டரம்மா போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

நாட்காட்டியில் வாத்தியாரின் பென்சில் எண்கள் மாறின. 8. 8. 8½. 9. ஒரு மாதம் ஓடியது. ஆனால் டாக்டரம்மாவுக்கு அலுப்பு தீரவில்லை. காலையில் எழுந்தால் கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். பாதம் வீங்கியிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் முன்னைவிடக் கூடியிருந்தது.

"கணக்குப்படி நீ தூங்கியிருக்க" என்றார் வாத்தியார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. "முகம் வேற விடை சொல்லுது. எங்கயோ ஒரு ஸ்டெப்பை விட்டுட்டேன்."

"முப்பத்தொரு வருஷக் கடனுங்க. ஒரு மாசத்துல அடையுமா?"

"அதுசரி. ஆனா ராத்திரி உன் கால் என் மேல பட்டா ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. பயந்துட்டேன் ஒரு நாள்."

நாற்பத்தேழாவது நாள். காலை 8:05. இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. புது சிஸ்டர். டாக்டரம்மா சந்தோஷமாக ஸ்பீக்கரில் போட்டார்.

"குட் மார்னிங் மேடம். தூங்கினீங்களா? எழுப்பிட்டேனா?"

"இல்லம்மா. எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன் மேடம். ஒரு சின்ன விஷயம். நேத்து பதினேழாம் கட்டிலுக்கு ஆர்டர் எழுதினீங்களே, கீழ கையெழுத்துப் போடாம போயிட்டீங்க. பகல் டியூட்டி சிஸ்டர் என்னைப் பிடிச்சுக் கத்தறாங்க. எப்ப வருவீங்க?"

வாத்தியாரின் தம்ளர் பாதி வழியில் நின்றது.

"நேத்தா?"

"ஆமா மேடம், ராத்திரி மூணு நாப்பதுக்கு."

"நான் வேலையை விட்டு நாப்பத்தேழு நாள் ஆச்சேம்மா."

போனில் சிரிப்பு. "விளையாடாதீங்க மேடம். வாரத்துல மூணு ராத்திரியாவது வர்றீங்க. ரோஸ்டர்ல ரெண்டாவது உங்க பேர்தானே இருக்கு? முதல் டாக்டர் எடுக்கலைன்னா உங்களைத்தானே கூப்பிடறேன். ஒரே ரிங்கில எடுத்துடறீங்க."

டாக்டரம்மா போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்தார். நாற்பத்தேழு நாளாக அந்த வார்டிலிருந்து ஒரு அழைப்புகூட இல்லை.

"வந்து... வந்து நான் என்ன சொல்றேன்?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? எப்பவும் சொல்றதுதான். 'நீ போய் கொஞ்சம் படு. நான் பாத்துக்கறேன்'னு சொல்லுவீங்க."

வாத்தியார் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்புறம் மேடம், மறந்துட்டேன். நேத்து நீங்க உங்க செருப்பு ஒண்ணை இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க. வலது கால். பிரவுன். வாருல கறுப்பு நூல் தையல் போட்டிருக்கு. எடுத்து வச்சிருக்கேன்."

வாத்தியார் எழுந்து வாசல் பக்கம் போனார். கதவுக்கு உள்பக்கம் இருக்கிற செருப்பு ஸ்டாண்டைக் கிளறுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

திரும்பி வந்தார். கையில் ஒரே ஒரு செருப்பு.

இடது கால்.

அடியைத் திருப்பிக் காட்டினார். ஈரம். மூன்றாவது மாடியில் ராத்திரி தரை துடைக்கிற பினாயிலின் வாடை.

"ஏங்க..." என்றார் டாக்டரம்மா. "ராத்திரி நான் எழுந்து கதவைத் திறந்தேனா?"

வாத்தியார் திரும்பி வாசல் கதவைப் பார்த்தார்.

நேற்று இரவு அவர் கையால் போட்ட தாழ்ப்பாள். மேலே ஒன்று. கீழே ஒன்று. பூட்டின் சாவி அவர் சட்டைப் பையில்.

அன்று காலை அந்தக் கதவை யாரும் இன்னும் திறக்கவே இல்லை.